கார்த்தூம்காரர்

உடையப்பன் என்கிற பெயரைச் சுந்தராம்பாள் முதன்முதலில் கேட்டபோது ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பெயரைக் கொண்டுவந்தவள் பாவாயி. பாவாயி யார் என்றால், சுந்தராம்பாளின் அம்மாவுக்குப் பெரியம்மா மகள், வாங்கல் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பாவாயியின் நாத்தனாருக்கு மூத்த கொழுந்தனார் மகன்தான் மாப்பிள்ளை. இந்த உறவையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்து, ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்த பிறகுதான் பெயருக்கே வந்தாள்.

"பேரு உடையப்பன். கரூர்ல சாயப்பட்டறை பாய்லர்ல நிக்கிறான். குடி இல்ல, சீட்டு இல்ல. ஒண்ணே ஒண்ணுதான், கையில இருக்கிறத யாராச்சும் கேட்டா எடுத்துக் குடுத்துருவான். கேக்காட்டியும் குடுத்துருவான்."

"அதெல்லாம் ஒரு குத்தமா?" என்றாள் அம்மா.

"கட்டிக்கிறவளுக்கில்ல தெரியும்," என்று பாவாயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு சுந்தராம்பாள் தறிக்குழிக்குள் இறங்கி, குனிந்து உட்கார்ந்து, உடையப்பன் என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கழுத்தில் தாலி ஏறிவிட்டால் பிறகு சொல்ல முடியாது. அப்பாவின் பெயரை அம்மா சொல்லி யாரும் கேட்டதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். அது பொய்யா மெய்யா என்று சோதித்துப் பார்க்கிற காரியமில்லை என்பதால் யாரும் சோதித்துப் பார்த்ததுமில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய வாயிலிருந்து அந்தப் பெயரை வரவழைக்க எத்தனையோ பேர் பார்த்தார்கள். ரேஷன் கடைக்காரர் ஒருநாள், "குடும்பத் தலைவர் பேரச் சொன்னாத்தான் சர்க்கரை" என்று பிடிவாதம் பிடித்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சுந்தராம்பாள் பையை மடித்து இடுக்கிக்கொண்டு, "எங்க வீட்டுல சர்க்கரையே சாப்பிடறதில்லீங்க" என்று திரும்பி நடந்துவிட்டாள். அந்த மாதம் உடையப்பன் வெல்லம் போட்டுத்தான் காப்பி குடித்தார். காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த மாதமும் வெல்லமே போடச் சொன்னார். அப்படியொரு மனுஷர்.

மற்றப் பெண்களுக்கு ஒரு வழி இருந்தது. ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் போதும், செல்வி அப்பா, குமரேசன் அப்பா என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். சுந்தராம்பாளுக்கு அந்த வழி திறக்கவில்லை. காவிரியும் அமராவதியும் கூடுகிற கூடுதுறையில் முழுகிப் பார்த்தாள், கோயம்புத்தூர் வரை போய் வைத்தியம் பார்த்தாள். வருஷங்கள் போயின. நேரில் இருந்தால் ஏனுங்க, ஊராரிடம் பேசும்போது எங்கூட்டுக்காரரு. அந்த இரண்டை வைத்துக்கொண்டே அவள் பாதி ஆயுசை ஓட்டினாள்.

சாயப்பட்டறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்ட காலத்தில் உடையப்பனுக்குச் சவூதியில், அல் கோபாரில் ஒரு பெரிய சலவைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கிற கம்பெனி. அங்கேயும் பாய்லர்தான். சாயத்துக்கு வெந்நீர் கொடுத்தவர் சலவைக்கு நீராவி கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவு. முதல் லீவு வந்தபோது கேம்ப் ரூமில் கூட இருந்த ஒரு ஆந்திராக்காரனுடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்று தன் முறையை அவனுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த லீவு வந்தபோது ஒருத்தனுக்குத் தங்கை கல்யாணம்.

"உங்களுக்குன்னு ஊட்டுல ஒருத்தி இருக்கறா, அது ஞாவகம் இருக்குதுங்களா?" என்று போனில் கேட்டாள் சுந்தராம்பாள்.

"நீ தெம்பா இருக்கற புள்ள. அவன் அழுதுபோட்டான்."

"அழுதாத்தான் வருவீங்கன்னா நானும் அழுவனுங்களே."

அழுது பழக்கமில்லாததால் அவள் வேறொரு வேலை செய்தாள். பாவாயி மகள் வழியாக விசாரித்து, பஹ்ரைனில் ஈசா டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். பஹ்ரைனையும் அல் கோபார்ப் பக்கத்தையும் கடல்மேல் ஒரு பாலம் சேர்க்கிறது, காரில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று யாரோ சொன்னதுதான் அவளைக் கிளப்பியது. வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பாலம் எல்லாருக்கும் பாலமில்லை என்று. உடையப்பனுடைய விசாவில் எழுதியிருந்த வேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர அனுமதி கிடைக்கவில்லை. இவளுக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. வீட்டு எஜமானி பத்மா ஒரு வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு காரில் பாலத்தின் பாதிவரை அழைத்துப் போய்க் காட்டினாள். அதற்குமேல் சவூதி எல்லை. சுந்தராம்பாள் இறங்கி நின்று பார்த்தாள். எதிரே தண்ணீரும் வெளிச்சமும்தான் தெரிந்தன.

"கொஞ்சம் பொறுங்க சுந்தராக்கா, ரூல் மாறும்," என்றாள் பத்மா.

ரூல் மாறுவதற்குள் கம்பெனிக்காரன் ஆளையே மாற்றிவிட்டான். முதலாளிக்குச் சூடானில் ஒரு சோப்புத் தொழிற்சாலை இருந்தது. அங்கே பாய்லர் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று ஒரு மலையாளியைக் கிளம்பச் சொன்னார்கள். அந்த ஆளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து உடையப்பன் போய் மேனேஜரிடம், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"எனக்கென்ன, புள்ளையா குட்டியா?" என்று போனில் சொன்னார். யோசிக்காமல் சொன்ன சொல். சுந்தராம்பாள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"ஊரு பேரென்னுங்க?"

"கார்த்தூம்."

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பெயர் கிடைத்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை அழைத்துப்போக நிற்கிற தமிழ்ப் பெண்கள், "உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்று கேட்டபோது அவள் "கார்த்தூம்ல" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கார்த்தூம்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "கார்த்தூம்காரர் போன் பண்ணாரா? கார்த்தூம்காரருக்கு ஊறுகாய் அனுப்பினீங்களா?" சுந்தராம்பாளுக்கு அது பிடித்திருந்தது. பிள்ளை பெயரை முன்னால் வைத்துப் புருஷனை அழைக்கிற மற்றப் பெண்களைப் போல அவளுக்கும் சொல்வதற்கு ஒன்று ஆயிற்று. அதனால்தான் அந்த ஊர்ப் பெயரை அவள் சும்மா விடவில்லை. பிறந்த குழந்தைக்கு வைத்த பெயருக்கு அர்த்தம் கேட்கிறவளைப்போலக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பத்மாவின் கணவர் ஸ்ரீனிவாசனுக்கு விளையாட்டுப் பேச்சு. "சுந்தராம்மா, உங்க ஊட்டுக்காரர் கார்ட்டூன்லயா இருக்கார்? டிவியைப் போட்டா தெரிவாரே!"

"சும்மா இருங்களேன்," என்று பத்மா அதட்டிவிட்டு, போனில் தேடிப் பார்த்தாள். தேடியவளுக்கே வேடிக்கையாகப் போயிற்று. "இங்க பாருங்கக்கா. இங்கிலீஷ்ல கே, எச் போட்டு எழுதறாங்க. பழைய மேப் ஒண்ணுல வெறும் கே. ஜெர்மன்காரங்க சி, எச் போடறாங்க. தமிழ்ப் பேப்பர்லயே ஒண்ணுல கார்ட்டூம், ஒண்ணுல கார்த்தூம், ஒண்ணுல கர்த்தூம். எதுதான் சரி?"

"எங்க ஊரும் அப்படித்தானுங்களே," என்றாள் சுந்தராம்பாள், வெங்காயம் உரித்தபடி. "பஸ்ஸுல கரூர்னு போட்டிருக்கும், பெரியவங்க கருவூர்னு சொல்லுவாங்க. எறங்குற எடம் ஒண்ணுதானுங்க."

அர்த்தம் என்ன என்பதை உடையப்பன் அங்கேயே விசாரித்துச் சொன்னார். தொழிற்சாலையில் அவருக்குக் கூட்டாளி இத்ரீஸ் என்கிற சூடான்காரர், அடுப்புக்கு எண்ணெய் விடுகிறவர். வெள்ளிக்கிழமைதோறும் உடையப்பன் போன் பேசும்போது இத்ரீஸும் பக்கத்தில் உட்கார்ந்து "சலாம் மதாம்!" என்று கத்துவார்.

"இத்ரீஸ் சொல்றான், யானைத் தும்பிக்கைன்னு அர்த்தமாம். வெள்ளை நைல் ஒரு பக்கம் வருது, நீல நைல் ஒரு பக்கம் வருது. ரெண்டுக்கும் நடுவுல நெலம் நீட்டிக்கிட்டு நிக்கிறது தும்பிக்கையாட்டமே இருக்குதாம்."

"அப்ப புள்ளையாரு ஊருங்க," என்று சுந்தராம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் கதை மாறியது. "மூட்டை தூக்கற ஒருத்தன், தெக்குச் சூடான்காரன், ஆளு பனைமர ஒசரம். அவன் சிரிக்கிறான். தும்பிக்கையுமில்ல ஒண்ணுமில்ல, எங்க பாசையில ஆறு கூடற எடம்னு அர்த்தம்கறான். இத்ரீஸுக்கு வந்துச்சே கோவம்! அதுக்குள்ள டீ விக்கிற பெரியவரு ஒருத்தரு, ரெண்டுமில்லடா, குசும்பா வெதையில எண்ணெய் ஆட்டுன ஊரு, அந்தச் செடி பேருதான் ஊரு பேருங்கறாரு. மூணு பேரும் பாய்லர விட்டுப்போட்டுச் சண்டை."

"குசும்பாவா? நம்ம சாயத்துக்குப் போடற பூவுங்களா?"

"அதேதான். எனக்கென்னமோ அதுதான் புடிச்சிருக்குது."

"எனக்கு ஆறு கூடற எடந்தானுங்க. நம்ம கூடுதுறையாட்டம்."

"செரி, உனக்கு அது, எனக்கு இது, இத்ரீஸுக்குத் தும்பிக்கை. ஊரு பெருசுதான், எல்லாருக்கும் காணும்," என்றார் உடையப்பன்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம், நோன்பு முடிய ஒரு வாரம் இருக்கையில், இத்ரீஸ் தன் வீட்டுக்கு நோன்பு திறக்க வரும்படி உடையப்பனை அழைத்தார். இத்ரீஸின் வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில், ஓம்துர்மானில். போனவர் அன்றிரவு அங்கேயே தங்கினார். விடிந்து பார்த்தால் ஊருக்குள் சண்டை. ராணுவம் ஒரு பக்கம், துணைப்படை ஒரு பக்கம். பாலங்களையெல்லாம் அடைத்துவிட்டார்கள். தொழிற்சாலை இந்தக் கரையில், உடையப்பன் அந்தக் கரையில். கரண்டு போயிற்று, போனும் அணைந்தது.

ஈசா டவுனில் பத்மா வீட்டு டிவியில் புகை தெரிந்தது. ஸ்ரீனிவாசன் அதன் பிறகு கார்ட்டூன் என்று விளையாடவில்லை. சுந்தராம்பாள் வழக்கம்போலச் சமைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். உப்பு மட்டும் இரண்டு முறை போட்டாள். அப்படியே சாப்பிட்டார்கள்.

பிறகு, அங்கிருக்கிற இந்தியர்களை மீட்டு வரக் கப்பல் போகிறது என்று செய்தி வந்தது. பஸ்ஸில் துறைமுகம் வரை, அங்கிருந்து கப்பலில் ஜித்தா, ஜித்தாவிலிருந்து விமானத்தில் ஊர். அந்த ஏற்பாட்டுக்குக் காவேரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பத்மா படித்துச் சொன்னாள்.

"காவேரியா?" என்று சுந்தராம்பாள் ஈரக்கையோடு கும்பிட்டாள்.

தொழிற்சாலையிலிருந்த மற்றவர்கள் முதல் பஸ்களிலேயே ஏறிவிட்டார்கள். உடையப்பன் ஓம்துர்மானில் சிக்கிக்கொண்டார் என்று அவர்கள்தான் ஜித்தாவில் சொன்னார்கள். அங்கே வந்து இறங்குகிறவர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தவர் செய்கு முகம்மது, கீழக்கரைக்காரர், ஜித்தாவில் கடை வைத்திருப்பவர். பத்மா யார் யாரையோ பிடித்து அவருடைய நம்பரை வாங்கிப் பேசினாள். போனில் அவருக்குப் பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க," என்றார் செய்கு முகம்மது. "அந்தப் பக்கம் வண்டி போகுது. ஆனா எழுதி அனுப்பினா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. பஸ் வருது வான்னு சொல்லி வெளிய வரவச்சு அடிச்சுப் பறிக்கிறானுவ. வீட்டு ஆளுங்க குரல் இருந்தா நம்பி வருவாங்க. ஒரு வாய்ஸ் பேசி அனுப்புங்க. போன் வேலை செய்யற ஆளு யாராவது தெருத்தெருவாப் போட்டுக் காட்டுவாங்க."

பத்மா போனை அவள் வாயருகே பிடித்தாள். சுந்தராம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள்.

"ஏனுங்க, நாந்தானுங்க. வண்டி வருதாமுங்க. நம்பி ஏறி வந்துருங்க. உங்கள விட்டா எனக்கு யாருங்க இருக்கறாங்க? ஏனுங்க, வந்துருங்க."

"பேரே சொல்லலியேக்கா," என்றாள் பத்மா.

"என்ற கொரலு அவங்களுக்குத் தெரியுமுங்க."

"நான் வேணா முன்னாடி பேரைச் சொல்லிச் சேர்த்துடறேனே."

"வேற பொம்பள கொரலு கேட்டா நம்பாமப் போயிருவாங்க. வேண்டாமுங்க."

பத்மா பெயரை எழுத்தில் தட்டிக் கூடவே அனுப்பினாள். எழுத்து ஒரு போனோடு நின்றுவிட்டது. குரல் மட்டும் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

சில நாள் கழித்து, காலைச் சமையல் நேரத்தில் செய்கு முகம்மது கூப்பிட்டார். குரலில் சந்தோஷம். "அக்கா, அல்ஹம்துலில்லாஹ்! ஆள் வந்தாச்சு! ஓம்துர்மான்ல உங்க வாய்ஸக் கேட்டுட்டுத்தான் வண்டியேறினாராம். கப்பல்லேர்ந்து இப்பத்தான் இறங்கினார், பேரு ஊரு கேக்கறதுக்குள்ள போனைக் கேட்டார். இந்தாங்க, பேசுங்க."

சுந்தராம்பாள் அடுப்பை அணைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க," என்றாள்.

"நாகு!" என்று ஒரு குரல் அழுதது. வாலிபக் குரல். "நாகு, வந்துட்டேன் நாகு!"

சுந்தராம்பாள் அதட்டாமல் கேட்டாள். "சாமி, நீங்க யாருங்க?"

அந்தப் பக்கம் அழுகை நின்றது. "நீங்க... நாகவள்ளி இல்லீங்களா?"

"நான் சுந்தராம்பாளுங்க. கரூரு."

அவன் பெயர் வைரவன். மோகனூர்க்காரன், அவள் ஊருக்கு ஆற்றின் மறுகரை. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலைக்குச் சூடான் போனவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சண்டையில் கூட்டாளிகளை விட்டுப் பிரிந்து ஓம்துர்மானில் ஒரு தெருவில் ஒதுங்கியிருக்கிறான். அங்கே டீ விற்கிற அம்மாள் ஒருத்தி போனில் இந்தக் குரலைப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"எம் பொண்டாட்டியும் ஏனுங்கன்னுதானுங்க கூப்புடுவா. கொரலு கொஞ்சம் தடிச்சிருந்துச்சு. அழுதழுது தடிச்சிருக்கும்னு நெனச்சனுங்க, அக்கா. எனக்கும் சந்தேகந்தான். அங்க ஒரு தமிழ் அண்ணன் இருந்தாருங்க. அவருதான் போனைக் காதோட வெச்சு ஒருக்காக் கேட்டாரு. மறுபடியும் ஒருக்காக் கேட்டாரு. கேட்டுட்டு, 'தம்பி, இது உன்ற பொண்டாட்டிதாண்டா, போ'ன்னாரு. வண்டியில ஒரு ஆளுக்குத்தானுங்க எடமிருந்துச்சு. அவரே கையப் புடிச்சு ஏத்தி உட்டாரு."

"அந்த அண்ணன் என்ன வேலைன்னு சொன்னாரு?" என்றாள் சுந்தராம்பாள்.

"பாய்லருன்னாருங்க. சோப்பு கம்பெனியில..." பேசிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். "அக்கா," என்றான். "ஐயோ அக்கா. எனக்குத் தெரியாதுங்க அக்கா."

"நீ அழாத சாமி. நீ என்ன பண்ணுவ? மொதல்ல உன்ற பொண்டாட்டிக்குப் போனைப் போடு," என்று சொல்லி அவள் போனைப் பத்மாவிடம் கொடுத்தாள்.

பத்மாவுக்கு நடந்தது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுந்தராம்பாளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் கேட்டார், அவளுடைய குரல் என்று தெரிந்துகொண்டார், ஆசைக்கு இன்னொரு தரம் கேட்டார். அதில் பெயரில்லை. பெயர் எழுதாத பண்டம். லீவைக் கொடுத்தவர், இன்னொருத்தனுக்காகச் சூடான் போனவர், இதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். பாவாயி அன்றைக்கே சொன்னாள். கேக்காட்டியும் குடுத்துருவான்.

அவளுக்கு வந்தது துக்கமா கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை. எழுந்து முகம் கழுவினாள். "பத்மாம்மா, அந்தப் போனக் குடுங்க. எப்படிப் பேசறதுன்னு சொல்லிக் குடுங்க. நீங்க கொஞ்சம் அந்தாண்ட இருங்க."

மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டை வைக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே போய்க் குனிந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஆயுசு குறையும் என்று சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷம் அந்த ஆயுசை அவள்தான் வாய்க்குள் பூட்டிக் காத்தாள். சர்க்கரை இல்லாமல் திரும்பினாள், நாலு பேர் நடுவில் கேலிக்கு ஆளானாள். இப்போது சொன்னால் குறையலாம். சொல்லாவிட்டால் இன்னொரு வண்டி வரும், இன்னொரு தம்பி அழுதுகொண்டு நிற்பான், இவர் இன்னொரு தரம் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்.

தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பேசினாள். சற்றுத் தள்ளி நின்ற பத்மாவுக்கு அந்தக் குரல் கேட்டது. அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத குரலாக இருந்தது.

"கரூரு உடையப்பன். சோப்பு கம்பெனி பாய்லரு உடையப்பன். உங்களத்தான். நான் சுந்தராம்பா பேசறன், உங்க பொண்டாட்டி. அந்தத் தம்பி வந்து சேந்துட்டான். நீங்க பண்ணுனது எனக்குத் தெரியும். இது உங்களுக்குப் பேரு போட்டு வருது. இத யாருக்கும் குடுக்க முடியாது. அடுத்த வண்டியில நீங்க ஏறோணும், உடையப்பன். நீங்கதான் ஏறோணும்."

போனைப் பத்மாவிடம் நீட்டியவள், "தப்புங்களா பத்மாம்மா?" என்று மட்டும் கேட்டாள். பத்மா போனை வாங்கி உடனே அதை அனுப்பினாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. செய்கு முகம்மது தினமும் கூப்பிட்டு, இன்னும் தகவல் இல்லை என்று சொன்னார். இடையில் மோகனூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, நான் நாகவள்ளிங்க. எங்கூட்டுக்காரரு ஊடு வந்து சேந்துட்டாருங்க. உங்கூட்டுக்காரரு..." இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்லவில்லை என்பதைச் சுந்தராம்பாள் கவனித்தாள். "கண்ணு," என்றாள், "ஒருக்கா சொல்லிப் பழகிக்க. ஆபத்துக்கு வேணும்."

ஒரு வெள்ளிக்கிழமை, பத்மா தன் போனை அவளிடம் விட்டுவிட்டு ஸ்ரீனிவாசனோடு ஈசா டவுன் சந்தைக்குப் போயிருந்தபோது அது அடித்தது. செய்கு முகம்மதுவின் நம்பர். எடுத்தாள். செய்கு முகம்மது பேசவில்லை.

"ஏம்புள்ள," என்றது உடையப்பனின் குரல்.

"ஏனுங்க," என்றாள்.

"கழுதை வண்டியில பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் இத்ரீஸ்தான் கொண்டாந்து உட்டான். அவனக் கூப்புட்டேன். ஊட்டுல அம்மா கெடக்கறா, வரலேன்னுட்டான்." நிறுத்தி மூச்சு வாங்கினார். இடது காது சரியாகக் கேட்கவில்லை என்றும், பக்கத்து வீட்டில் குண்டு விழுந்ததிலிருந்து அப்படி என்றும் பிற்பாடு சொன்னார். "அந்த டீக்கார அம்மா தெருவுல போனை வெச்சுக்கிட்டு உடையப்பன் உடையப்பன்னு போடறா. சுத்தி அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்கறான். எனக்கு வெக்கமாப் போச்சு புள்ள. எம்பேரச் சொல்லிப்போட்டியே."

"சொல்லிப்போட்டனுங்க."

"ஆயுசு கொறையும்பாங்களே."

"கொறையட்டுமுங்க. கொறஞ்சது போக மிச்சத்த எனக்குக் குடுங்க. வேற யாருக்கும் குடுக்காதீங்க."

பின்னால் யாரோ யாரையோ "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார்கள். விமானத்துக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்தார்.

கரூருக்குப் போய்ச் சேர்ந்தார். பள்ளி லீவில் பத்மா குடும்பம் சென்னைக்குக் கிளம்பியபோது சுந்தராம்பாளும் ஊருக்குப் போனாள். இரண்டு பேரும் கூடுதுறையில் முழுகினார்கள். கரையேறி வரும்போது, "இப்ப யாருமில்ல, இன்னொருக்கா சொல்லு" என்றார் உடையப்பன். "போங்க அக்கட்டால" என்று அவள் ஈரச் சேலையைப் பிழிந்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை. ஊரில் பட்டறை இல்லை, வேலையும் இல்லை. பழைய சலவைக் கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், கிளம்பினார். அவளும் ஈசா டவுனுக்குத் திரும்பினாள்.

போன வருஷம் லீவு முறை வந்தபோது ரூமில் ஒருத்தன் கேட்டானாம். இல்லை என்று சொல்லிவிட்டாராம். வாழ்க்கையில் முதல் தரமாக இல்லை என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். லீவுக்குக் கரூர் வந்தார். கூடவே அந்த ஆளின் வீட்டுக்குக் கொடுக்க ஒரு பெட்டியையும் சுமந்து வந்தார்.

இத்ரீஸின் நம்பருக்கு வெள்ளிக்கிழமைதோறும் போடுகிறார். மணி அடிப்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் பெண்கள் இன்னும் கார்த்தூம்காரர் சௌக்கியமா என்றுதான் கேட்கிறார்கள். அவர் அங்கே இல்லை என்று தெரிந்தும் சுந்தராம்பாள் திருத்துவதில்லை. சௌக்கியம் என்கிறாள். அந்த ஊரும் சௌக்கியமாக வேண்டும் என்று மனசுக்குள் சேர்த்துக்கொள்கிறாள்.

உடையப்பன் இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம், அல் கோபாரில், அதே சலவைக் கம்பெனியில், பாய்லர் வேலையில் இருக்கிறார்.